நெல்லும் நல்வாழ்வும்



உணவைப் பற்றிப் பேச்செழுந்தால், எதை உண்ணலாம் என்று கேட்போர் பலர். அதனை எவ்வாறு பக்குவம் செய்யலாம் என்று கேட்போர் மிகச் சிலர். நல்ல பொருளை விலை கொடுத்து வாங்கிவிட்டால் நல்ல உணவு கிடைத்துவிட்டது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். வாங்கிய பொருளில் இருந்த சத்து நம் இலைவரை வந்து சேர்ந்ததா என்று பார்ப்பதில்லை. வயலுக்கும் இலைக்கும் இடையே களம் இருக்கிறது, அரவை மில் இருக்கிறது, கடை இருக்கிறது, அடுக்களை இருக்கிறது. ஒவ்வோர் இடத்திலும் உணவின் சத்து காக்கப்படவும் கூடும். களவு போகவும் கூடும். இந்த உண்மையை நமக்கு மிக நெருக்கமான ஒரு பொருளைக் கொண்டே இன்று விளக்க விரும்புகிறேன். அப்பொருள் நெல்.

பொதிகை மலையில் பிறந்து, பாபநாசத்தில் சமவெளியில் இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம் ஆகிய ஊர்களைத் தொட்டுப் புன்னைக்காயல் அருகே கடலில் கலக்கும் தாமிரபரணி, நீளத்தால் சிறிய ஆறுதான். ஆயினும் அதன் குறுக்கே அமைந்த எட்டு அணைக்கட்டுகளும், அவற்றிலிருந்து பிரியும் கால்வாய்களும், கார், பிசானம் என்னும் இரு போகங்களை இப்பள்ளத்தாக்குக்கு அளித்து வந்திருக்கின்றன. அம்பாசமுத்திரத்து நெல் ஆராய்ச்சி நிலையம் 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட அம்பை 16 என்னும் குண்டு ரகம் தமிழ்நாடெங்கும் பரவியது. ஊரின் பெயரிலேயே நெல்லைத் தாங்கிய நாட்டினர் நாம். எனவே நெல்லின் நன்மையும் தீமையும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நெல்மணியின் அமைப்பைப் பாருங்கள். வெளியே உமி. அது மாந்தர்க்கு உணவாகாது. உமியை நீக்கினால் செந்நிறமோ பழுப்பு நிறமோ கொண்ட மெல்லிய தவிட்டுப் படலம் தென்படும். மணியின் ஒரு முனையில் முளைக்கரு இருக்கும். உள்ளே இருப்பது வெண்மையான மாவுப்பகுதி. மாவுப்பகுதி நமக்கு உழைக்கும் ஆற்றலைத் தருகிறது. ஆனால் அந்த மாவு உடலில் எரிந்து ஆற்றலாக மாறுவதற்குத் தயமின் என்னும் வைட்டமின் பி1 வேண்டும். அது பெரும்பாலும் தவிட்டுப் படலத்திலும் முளைக்கருவிலுமே இருக்கிறது. விறகு ஓரிடத்திலும், அதை மூட்டும் நெருப்பு வேறோரிடத்திலும் இருப்பது போன்ற அமைப்பு இது. வெண்மையை விரும்பி அரிசியைத் தீட்டத் தீட்ட, விறகு மட்டும் மிஞ்சும். நெருப்பு தவிட்டோடு போய்விடும்.

இதனால் விளையும் தீங்கை உலகம் அறிந்துகொண்ட வரலாறு சுவையானது; துயரமும் நிறைந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், நீராவி ஆலைகள் அரிசியை வெள்ளை வெளேரென்று தீட்டித் தரத் தொடங்கியபின், கிழக்காசிய நாடுகளில் பெரிபெரி என்னும் நோய் கொடுமையாகப் பரவியது. கால்கள் மரத்துப்போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கும், முடிவில் இதயம் ஓய்ந்து உயிர் பிரியும். ஏதோ ஒரு கிருமியே காரணம் என்று மருத்துவர்கள் தேடினர்.

ஜாவாத் தீவில் பணியாற்றிய எய்க்மன் என்னும் டச்சு மருத்துவர், மருத்துவமனை அடுக்களையில் மிஞ்சிய வெள்ளைச் சோற்றைத் தின்ற கோழிகள் கால் தளர்ந்து விழுவதையும், தீட்டாத அரிசியை இட்டபோது அவை எழுந்து நடப்பதையும் 1890-களில் கண்டார். அவருடைய நண்பர் வோர்டர்மன், அத்தீவின் சிறைச்சாலைகளை ஆராய்ந்தார். தீட்டிய அரிசி வழங்கிய சிறைகளில் ஏறத்தாழ 39 பேருக்கு ஒருவர் நோயுற்றிருந்தார். தீட்டாத அரிசி வழங்கிய சிறைகளிலோ 10,000 பேருக்கு ஒருவர். எய்க்மனுக்கு 1929-ஆம் ஆண்டில் நோபல் பரிசு கிடைத்தது.

இவ்வரலாற்றில் தமிழர்க்கும் ஓர் இடம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மலாயா நாட்டில் சீனத் தொழிலாளர் ஈயச் சுரங்கங்களிலும், தமிழ்த் தொழிலாளர் தோட்டங்களிலும் உழைத்தனர். இரு சாராரும் ஏழைகள். இரு சாராரும் அரிசியையே நம்பி வாழ்ந்தவர்கள். ஆயினும் பெரிபெரி சீனத் தொழிலாளரை வாட்டியது. தமிழரை அவ்வளவாக அணுகவில்லை. பிராடன் என்னும் மருத்துவர் காரணத்தைத் தேடினார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது தாய்நாட்டுப் பழக்கப்படி புழுங்கலரிசி. ஃபிளெட்சர் என்னும் மற்றொரு மருத்துவர், கோலாலம்பூர் மனநோய் மருத்துவமனையில் 1906-ஆம் ஆண்டளவில் இதனைச் சோதித்துப் பார்த்தார். நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்குப் பச்சரிசியும் மற்றொரு பிரிவுக்குப் புழுங்கலரிசியும் அளித்தார். பச்சரிசிப் பிரிவில் பலர் பெரிபெரியால் வருந்தினர். சிலர் இறந்தும் போயினர். புழுங்கலரிசிப் பிரிவில் நோய் புதிதாகத் தலைகாட்டவில்லை.

நெல்லை அவிப்பதில் அப்படி என்ன நிகழ்கிறது? முதலில் நெல்லை நீரில் ஊறப்போடுகிறோம். தவிட்டிலும் முளைக்கருவிலும் உள்ள தயமின் நீரில் கரையும் இயல்புடையது. ஊறும்போது அது நீரோடு சேர்ந்து மணியின் உட்பகுதிக்குச் செல்கிறது. பின்னர் நெல்லை அவிக்கிறோம். ஆவியின் வெப்பத்தில் மாவு இளகி இறுகுகிறது. உள்ளே வந்த சத்தைத் தன்னிடமே பற்றிக்கொள்கிறது. பிறகு களத்தில் உலர்த்தி அரைத்தால், தவிடு நீங்கினாலும் சத்தில் பெரும்பகுதி அரிசியிலேயே நின்றுவிடுகிறது. மணியும் உரம் பெறுவதால் குறுநொய் குறைகிறது. அண்டாவில் நெல்லவித்த நம் பாட்டிமார், வைட்டமின் என்னும் பெயரை அறிந்தவர் அல்லர். ஆயினும் அதைக் காப்பாற்றும் முறையை அவர்கள் கைகள் அறிந்திருந்தன.

இதற்குக் கணக்கும் சொல்லலாம். நமது நாட்டு உணவுப் பட்டியல்களின்படி, 100 கிராம் கைக்குத்தல் பச்சரிசியில் 0.21 மில்லிகிராம் தயமின் உண்டு. அதையே ஆலையில் தீட்டினால் 0.06 மில்லிகிராமாகக் குறைந்துவிடும். புழுங்கலரிசியை ஆலையில் அரைத்தபின்பும் 0.21 மில்லிகிராம் எஞ்சுகிறது. நெல் ஒன்றே, நிலம் ஒன்றே, ஆலையும் ஒன்றே. செய்யும் பக்குவம் ஒன்றுதான் வேறு. அதனால் வரும் வேற்றுமையோ மூன்று மடங்குக்கும் மேல்!

இந்திய நாட்டிலும் இவ்வேற்றுமை கண்கூடாகத் தெரிந்தது. அந்நாளைய சென்னை மாகாணத்தில், பச்சரிசி வழங்கிய வடசர்க்கார் மாவட்டங்களில் பெரிபெரி நிலைத்திருந்தது; புழுங்கலரிசி உண்ட தமிழ் மாவட்டங்களில் அது அரிதாகவே காணப்பட்டது. இந்நோயை ஆராய்வதற்காகவே 1918-ஆம் ஆண்டில் ராபர்ட் மக்காரிசன் என்னும் மருத்துவர் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஓர் அறையில் ஓர் ஆராய்ச்சிப் பிரிவைத் தொடங்கினார். அந்த ஓர் அறை வளர்ந்து, 1958-இல் ஐதராபாத்துக்கு மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. மக்காரிசனுக்குப் பின் அதன் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவர்தம் துணைவரும், இந்தியாவின் அரிசிப் பிரச்சினையைப் பற்றி 1940-இல் ஒரு விரிவான நூலையே வெளியிட்டனர்.

ஆகவே முதலாவது பாடம் அரிசியைத் தேர்ந்தெடுப்பது பற்றியது. அன்றாடச் சோற்றுக்குப் புழுங்கலரிசி நல்லது. மிகுதியாகத் தீட்டாததாயின் இன்னும் நல்லது. கைக்குத்தல் அரிசி கிடைக்குமாயின் அதனையும் அளவாக வாங்கலாம். தவிட்டில் எண்ணெய்ப்பசை இருப்பதால் அது விரைவில் சிக்கு நாற்றம் பெறும், வண்டும் சேரும். ஆகையால் சேமித்து வையாமல் உடனுக்குடன் பயன்படுத்த வேண்டும். நம் மாநிலத்தில் நியாயவிலைக் கடைகளில் 2011-ஆம் ஆண்டு முதல் விலையின்றி வழங்கப்படும் அரிசியில் புழுங்கலரிசியும் உண்டு. அதன் நிறம் சற்று மங்கல் என்றும், பருமன் மிகுதி என்றும் முகஞ்சுளித்து மாட்டுக்கு இடுவோர் இருக்கின்றனர். பிறகு அவர்களே கடைக்குச் சென்று, கண்ணாடிபோல் தீட்டிய அரிசியை அதிக விலைக்கு வாங்குகின்றனர். கல், தூசி, பழைய நாற்றம் இருந்தால் அரிசியை மறுப்பது முறை. வெண்மை போதவில்லை என்பதற்காக மறுப்பது பேதைமை.

இரண்டாவது பாடம் அரிசி களைதலும் வடித்தலும் பற்றியது. தயமின் நீரில் கரையும் என்று கூறினேன். தீட்டிய பச்சரிசியைப் பல தண்ணீர் விட்டுக் கசக்கிக் களைந்தால், எஞ்சியிருந்த சிறு சத்தும் பெரும்பாலும் கழுநீரில் போய்விடும். புழுங்கலரிசியில் சத்து உள்ளே இறுகியிருப்பதால் இழப்பு குறைவு. தூசியும் உமித்துகளும் நீங்க ஒன்றிரண்டு முறை மெல்லக் களைந்தால் போதும். உலையில் மிகுந்த நீர் வைத்துக் கஞ்சியை வடித்துக் கொட்டுவதும் இழப்பே. அளவான நீர் வைத்து வற்றும்படி சமைக்கலாம்; வடித்தாலும் கஞ்சியை உப்பிட்டுக் குடிக்கலாம். நம் வீடுகளில் கழுநீரும் கஞ்சியும் தொழுவத்துக்குப் போவது வழக்கம். மாடு கொழுப்பது மகிழ்ச்சிதான். பிள்ளை மெலிவதுதான் வருத்தம்!

இரவில் மிஞ்சிய சோற்றில் நீர் ஊற்றி வைத்துக் காலையில் உண்ணும் பழையதும் நல்ல பக்குவமே. இரவெல்லாம் அது சற்றே புளிக்கிறது. அப்போது தானியத்தில் கட்டுண்டு கிடக்கும் தாதுச் சத்துகள் ஓரளவு விடுபட்டு உடலுக்கு எளிதில் எட்டுகின்றன. இட்டலி மாவு புளிப்பதிலும் இதே நன்மை உண்டு. ஆனால் பாத்திரமும் நீரும் தூயனவாக இருத்தல் வேண்டும். காலைப் பொழுதிலேயே உண்டு முடித்தல் வேண்டும்.

இவ்வளவும் கேட்டபின், புழுங்கல் சோறு இருந்தால் போதுமே, வேறென்ன வேண்டும் என்று யாரும் கருதிவிட வேண்டா. அதற்கும் மக்காரிசனே விடை கூறியிருக்கிறார். இந்தியாவின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிக் கூட்டங்களுக்குத் தனித்தனியே அளித்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பால், வெண்ணெய், பருப்பு, காய்கறி, கீரை ஆகியன கொண்ட சீக்கியர் உணவை உண்ட எலிகள் சராசரி 235 கிராம் எடை பெற்றன. தீட்டிய அரிசியே மிகுந்து, பாலும் காய்கறியும் அருகியிருந்த சென்னை மாகாணத்து உணவை உண்ட எலிகள் 155 கிராமே இருந்தன. 1936-இல் லண்டனில் ஆற்றிய சொற்பொழிவுகளில் அவர் இதை எடுத்துரைத்தார். நம்மைத் தலைகுனியச் செய்யும் கணக்கு இது. ஆனால் குற்றம் அரிசியின்மேல் மட்டும் இல்லை. அரிசிக்குத் துணையாக ஒன்றும் சேர்க்காத வறுமையின்மேலும் அறியாமையின்மேலும் உண்டு.

துணை சேர்க்கும் கலையை நெல்லைச் சீமை நன்கறியும். கூட்டாஞ்சோறு என்று நம் வீடுகளில் ஆக்குகிறோமே, அதனை எண்ணிப் பாருங்கள். அரிசி, துவரம்பருப்பு, கத்தரி, வாழை, முருங்கைக்காய் முதலிய காய்கள், முருங்கைக்கீரை, தேங்காய் அரைப்பு ஆகிய யாவும் ஒரே பாத்திரத்தில் வேகின்றன. வடித்துக் கொட்டுவதற்கு அங்கே ஒரு துளி நீரும் இல்லை. காயில் கரைந்தது சோற்றில் சேர்கிறது. சோற்றில் கரைந்தது நம் வயிற்றில் சேர்கிறது.

தோலுடன் கூடிய உளுந்தையும் அரிசியையும் சேர்த்துப் பொங்கும் உளுந்தம்பருப்புச் சோறும், அதற்கு இணையான எள்ளுத் துவையலும் மற்றொரு சான்று. புரதம் என்பது அமினோ அமிலங்கள் பல சேர்ந்து அமைவது. அரிசியின் புரதத்தில் லைசின் குறைவு. பருப்பில் அது மிகுதி. பருப்பில் மெத்தியோனின் குறைவு. எள்ளிலும் அரிசியிலும் அது உண்டு. மூன்றும் ஒரே இலையில் கூடும்போது ஒன்றன் குறையை மற்றொன்று நிறைக்கிறது. தோலை நீக்காததால் நார்ச்சத்தும் வீணாவதில்லை. இதே உளுந்தைக் கருப்பட்டியும் நல்லெண்ணெயும் சேர்த்துக் களியாகக் கிண்டி, வளரும் பெண்பிள்ளைகளுக்குக் கொடுப்பதும் நம் ஊர் வழக்கம். கருப்பட்டியும் சர்க்கரைதான் என்பதை நினைவிற்கொண்டு, அதை அளவாகச் சேர்த்தல் வேண்டும்.

ஆற்றங்கரையை விட்டு வடக்கே கோவில்பட்டி, எட்டயபுரத்துக் கரிசல் காட்டுக்குச் சென்றால், கம்பும் சோளமும் கேழ்வரகும் காணலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. அதே அளவு அரிசியில் இருப்பது 10 மில்லிகிராம் அளவே. இரும்புச் சத்தில் கம்பு அரிசியைப் பல மடங்கு விஞ்சி நிற்கிறது. காட்டு வேலை செய்தோர் உணவு என்று ஒரு காலத்தில் ஆற்றுப்பாசன ஊரார் இவற்றை எளிமையாக எண்ணியதுண்டு. வாரத்தில் சில வேளையாயினும் இவை நம் இலைக்கு வரவேண்டும்.

எட்டயபுரம் என்றதும் கல்வித் துறையைச் சேர்ந்த எனக்கு மற்றொன்றும் நினைவுக்கு வருகிறது. காமராசர் முதலமைச்சராக இருந்த காலத்தில், பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் துணையோடு உருவான பள்ளிப் பகலுணவுத் திட்டம், 1956-ஆம் ஆண்டில் அந்த எட்டயபுரத்தில் தொடங்கப்பெற்றது. அது அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்த ஊர். பசித்த பிள்ளைக்குப் பாடம் ஏறாது என்பதை அரசு ஒப்புக்கொண்ட நாள் அது. 1982-இல் எம்.ஜி.ஆர். அதனைச் சத்துணவுத் திட்டமாக விரிவுபடுத்தினார். 2022-ஆம் ஆண்டு செப்டம்பரில் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலை உணவும் வழங்கத் தொடங்கினர். காலை இறைவணக்கக் கூட்டத்தில் மயங்கிச் சாயும் பிள்ளையைக் காணாத தலைமை ஆசிரியர் இரார். முகத்தில் நீர் தெளித்து எழுப்பி, என்ன உண்டாய் என்று கேட்டால், ஒன்றும் இல்லை என்றோ, தேநீரும் இரண்டு பிஸ்கோத்தும் என்றோ விடை வரும். வீட்டில் வறுமை இருந்ததால் அவ்வாறு வந்தோர் முன்னாளில் மிகுதி; நேரம் இல்லை என்று வருவோர் பின்னாளில் மிகுதி.

இன்று பெரிபெரி நம்மைவிட்டு அகன்றுவிட்டது. ஆனால் அதன் இடத்தில் இருவேறு பகைவர் வந்து அமர்ந்திருக்கின்றனர். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு இரத்தச் சோகை இருக்கிறது. மற்றொன்று நீரிழிவு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையோடு நடந்து 2023-இல் வெளியான ஆய்வின்படி, நாட்டில் வயதுவந்தோருள் 100-க்கு 11 பேருக்கு மேல் அந்நோய் உண்டு. ஒரு வீட்டிலேயே தாய்க்குச் சோகையும் தந்தைக்கு நீரிழிவும் இருப்பதைக் காண்கிறோம். சோறு மலையாகவும் காய்கறி கடுகாகவும் இருக்கும் இலை, இவ்விரண்டுக்குமே இடம் கொடுக்கிறது.

எனவே ஊட்டச்சத்து நிறுவனத்தார் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகள், ஒரு நாளைய ஆற்றலில் தானியங்களின் பங்கு நூற்றுக்கு 45-ஐத் தாண்ட வேண்டா என்று கூறுகின்றன. எஞ்சியது பருப்பு, பால், காய், கீரை, பழம், கொட்டைகள் முதலியவற்றிலிருந்து வரவேண்டும். முட்டை, மீன் உண்போருக்கு அவையும் உண்டு. இதைக் கேட்டு அஞ்சவேண்டியதில்லை. சோற்றில் ஓர் அகப்பையைக் குறைத்து, கூட்டிலும் பொரியலிலும் கீரையிலும் இரண்டு அகப்பையைக் கூட்டினால் பாதி வழி நடந்தாயிற்று.

காய்கறியிலும் பக்குவத்தை மறவாதீர்கள். காயைக் கழுவியபின் நறுக்குங்கள். நறுக்கியபின் கழுவினால் சத்து நீரோடு போகும். சிறிதளவு நீரில், மூடி வைத்து, வெந்தவுடன் இறக்குங்கள். கீரையோடு எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால், அவற்றிலுள்ள வைட்டமின் சி, கீரையின் இரும்புச் சத்தை உடல் ஏற்க உதவும். உண்டவுடன் தேநீரோ காப்பியோ குடித்தால் அதே இரும்புச் சத்து உடலில் ஏறாமல் தடைப்படும். ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம். பொரித்த எண்ணெயை மீண்டும் மீண்டும் காய்ச்சுதல் கூடாது. நம் ஊர் அல்வாவும் இனிய பொருள்தான். ஆனால் கோதுமையை ஊறவைத்துப் பாலை மட்டும் எடுத்துத் தவிட்டைக் கழித்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துச் செய்வது அது. விருந்து நாளில் ஒரு துண்டு மகிழ்ச்சி தரும். நாள்தோறும் உண்டால் நோய் தரும்.

மாணவர்களே, உங்கள் பாடப் புத்தகத்தில் வைட்டமின்களின் பட்டியல் இருக்கிறது. தேர்வுக்கு அதை மனப்பாடம் செய்திருப்பீர்கள். அந்தப் பட்டியலை ஒருநாள் உங்கள் வீட்டு அடுக்களைக்குக் கொண்டுசெல்லுங்கள். அரிசிப் பானையில் இருப்பது எவ்வகை அரிசி, அதை எத்தனை முறை களைகிறார்கள், கஞ்சி எங்கே போகிறது, இலையில் கீரை வாரத்துக்கு எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். பார்த்ததை அன்னையிடமும் தந்தையிடமும் பணிவோடு பேசுங்கள். அடுக்களை வேலை பெண்களுக்கே உரியது என்று ஆண்பிள்ளைகள் ஒதுங்கி நிற்க வேண்டா. உண்பவர் யாவரும் ஆக்கக் கற்றவராதல் நன்று.

உழவர் சேற்றில் நின்று விளைத்த நெல்லுக்குள் உடலைக் காக்கும் சத்தும் இருக்கிறது. அதனைக் கெடாமல் நம் இலைக்குக் கொண்டுவந்து சேர்ப்பது நம் கடமை. அதற்குப் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. கழுநீரைக் கொட்டுமுன் ஒரு கணம் நின்று எண்ணிப் பார்க்கும் அறிவு இருந்தால் போதும். அவ்வறிவு உங்களிடம் வளர்க! நலமே பெருகுக!